பதினாலு சதவீதத்தில் ஒரு பால் வண்டி

காலையில் காரில் ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்திய பாலக்கா திரையை இரண்டு தடவை பார்த்தாள். திரையில் பதினாலு சதவீதம் என்று இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோதும் அதே பதினாலுதான். அப்படியென்றால் இரவு முழுக்க வண்டி ஒரு பொட்டு மின்சாரம் குடிக்காமல் பட்டினி கிடந்திருக்கிறது.

"ஏங்க! கொஞ்சம் இங்க வாங்க!"

கணவர் வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றார்.

"நேத்து போட்டாச்சான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டே. போட்டாச்சுன்னு சொன்னேனே."

"என்னத்தைப் போட்டீங்க?"

அவர் பிரஷ்ஷாலேயே தரையைக் காட்டினார். கொஞ்ச நேரத்துக்கு முன் பாலக்காவே முணுமுணுத்துக்கொண்டு முடிச்சவிழ்த்து உருவிய தார்ப்பாய் அங்கே ஈரமாகக் கிடந்தது.

இதில் யாரைப் போய்க் குற்றம் சொல்வது? நம் பேச்சில் இந்தப் 'போடு' இருக்கிறதே, அது சரியான பொல்லாத சொல். தாழ்ப்பாள் போடுகிறோம், டீ போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், கோபம் தலைக்கேறினால் ஆளையே போட்டுவிடுவேன் என்கிறோம். கார் வந்த நாளிலிருந்து, படுக்கப் போகும் முன் பாலக்கா "போட்டாச்சா?" என்று கேட்டால் சார்ஜ் போட்டாயிற்றா என்று அர்த்தம். அவரும் "போட்டாச்சு" என்பார். ஆனால் நேற்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதரிடம், மழை இறங்கப் போகிற நேரத்தில் "போட்டாச்சா?" என்று கேட்டால் அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். பரணிலிருந்து பழைய தார்ப்பாயை இறக்கி, அந்தச் சின்னக் காரை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, ஒரு சொட்டு உள்ளே போகாது என்கிற திருப்தியோடு போய்ப் படுத்துவிட்டார். மழையில் கரண்ட் ஒயரைத் தொடுவது வேறு அவருக்குப் பிடிக்காது.

"இப்பவே செருகிடறேன், இரு" என்று ஒயரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். வீட்டில் மின்விசிறி நின்றிருந்தது. விடிகாலையில் அடுத்த தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்து, பேட்டை முழுக்க மின்சாரம் இல்லை.

பாலக்காவுக்கு அப்போது நாக்கில் நரம்பில்லாமல் போய்விட்டது. "ஒரே ஒரு வேலை. உங்களை நம்பி ஒரே ஒரு வேலையை விட்டேன். அதுவும் முடியலையா?"

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து தார்ப்பாயை மடிக்கத் தொடங்கினார். மடிப்பு கோணாமல் மடித்தார். அதைப் பார்க்கப் பாலக்காவுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

அவளுக்கு நிஜமாக ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் பாலக்காதான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் வேனை ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த டீசல் வேன் உறுமுகிற உறுமலுக்கு மேலே கத்திக் கத்திக் குரலே கட்டையாகிவிட்டது. பிறகுதான் ஆஸ்பத்திரியில் இந்த வேலை கிடைத்தது. குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். தாயை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தாய் வீட்டில் பாலைப் பீய்ச்சி வைத்திருப்பாள். அதைப் போய் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, குழந்தையிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்காக ஆஸ்பத்திரி ஒரு சின்ன மின்சாரக் கார் கொடுத்திருக்கிறது. தெருப் பிள்ளைகள் அதற்குச் சோப்பு டப்பா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான், மறுப்பதற்கில்லை.

சோப்பு டப்பாவை ஓட்டுவது ஒரு தனிப் படிப்பு. சத்தமே வராது. முதல் வாரம் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. நிறுத்திவிட்டோம் என்று நினைத்து இறங்கப் போவாள், வண்டி மெல்ல நகரும். நடுத்தெருவில் படுத்திருக்கும் நாய்கள் தலையைக்கூடத் தூக்காது. போனில் பேசிக்கொண்டு குறுக்கே நடப்பவர்களுக்கு முதுகில் கண் இல்லை, இவளுக்கோ ஹாரன் அடித்தே கட்டைவிரல் தேய்ந்துபோயிற்று. பக்கத்து வீட்டுக்காரர், மழையில் ஓட்டினால் ஷாக் அடிக்காதா என்று வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே அந்த எண். டீசல் வேனில் முள் சிவப்புக்கு வந்தால் பங்க்கில் விட்டு நிரப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பாள். இதில் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் குறையும். ஏ.சி. போட்டால் குறையும், மேடு ஏறினால் குறையும். சாலையைப் பார்ப்பதா, எண்ணைப் பார்ப்பதா?

இன்று அந்த எண் குறையக் கூடாத நாள். ஆஸ்பத்திரியில் பூனைக்குட்டி என்று ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அழுகிற சத்தத்தை வைத்து நர்ஸ்கள் இட்ட பெயர். பிறந்தபோது ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிட லேசு. வயிறு சரியில்லாததால் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதைக்கூட ஏற்காமல் இத்தனை நாளும் கையில் ஊசி குத்தி, சொட்டுச் சொட்டாக மருந்துத் தண்ணீர்தான் ஏறிக்கொண்டிருந்தது. நேற்றுதான் பால் ஒத்துக்கொள்கிறது என்று ஊசியை எடுத்தார்கள்.

பாலக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், வண்டில சார்ஜ் இல்லை. வேற வண்டி எதையாவது பூனைக்குட்டி அம்மாவோட மேட்டு வீட்டுக்கு அனுப்ப முடியுமா?"

"ஐயோ அக்கா, ரோடெல்லாம் தண்ணி. ஆம்புலன்ஸ் எல்லாம் வெளியே போயிருக்கு. பூனைக்குட்டிக்கு இருந்த பால் காலைக்கே சரியாப் போச்சு. அடுத்த வேளைக்குக் கையில ஒண்ணுமில்லை."

"வரலைன்னா?"

"வரலைன்னா மறுபடியும் ஊசிதான். குத்துறதுக்கு நரம்பே இல்லை அக்கா. ரெண்டு கையும் கறுத்துப் போயிருக்கு. நேத்து எடுக்கும்போது நானே அழுதுட்டேன்."

வாடகைக் கார்கள் எதுவும் அந்த மழையில் மேட்டுக்கு வர ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தையின் அப்பா கப்பலில் வேலை பார்க்கிறவர், எந்தக் கடலில் இருக்கிறாரோ. தாய் வயிற்றில் தையலோடு படுத்திருக்கிறாள். வேறு வழியில்லை. பாலக்கா வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது பக்கத்துக் கதவு திறந்தது. கணவர் உள்ளே தன்னைத் திணித்துக்கொண்டார். முழங்கால் இரண்டும் தாடைக்குக் கீழே வந்து நின்றன. வண்டி அவர் பக்கமாகச் சாய்ந்தது.

"நீங்க எதுக்கு?"

"மேட்டு ரோடு வழுக்கும். மரம் கிரம் விழுந்திருக்கும். தனியாப் போகாதே."

"நீங்க ஏறினா வெயிட்டு. சார்ஜ் இன்னும் சீக்கிரம் போகும்."

அவர் காதில் வாங்காதவர்போலக் கதவைச் சாத்தினார். பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பாலக்கா கிளம்பினாள்.

ஏ.சி. கிடையாது, விசிறி கிடையாது, பாட்டு கிடையாது. மழை அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னலை ஏற்றியதும் இருவர் மூச்சிலும் கண்ணாடி பூத்துப் போனது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளுக்கு முன்னாலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். காலையில் சொன்னது இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. வழியில் கடைத்தெரு வாகன நிறுத்தத்தில் சார்ஜ் போடும் இடம் ஒன்று உண்டு. எட்டிப் பார்த்தாள். பழுது என்று எழுதிய அட்டை தொங்கியது.

மேடு தொடங்கியதும் எண்கள் சரசரவென்று இறங்கின. பத்து, ஒன்பது, எட்டு. பாலக்கா பெடலை முட்டை மேல் கால் வைப்பதுபோல மிதித்தாள். மேட்டு வீட்டின் முன் வண்டி நின்றபோது ஆறு.

வாசலில் தாய் ஐஸ் பையோடு நின்றிருந்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள்.

"வர மாட்டீங்கன்னு நினைச்சு பயந்துட்டேன் அக்கா. இங்கயும் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜ் நின்னு போச்சு, இது ஒண்ணுதான் கெடாம இருக்கு. ராத்திரி கொஞ்சம்தான் வந்துது." அவள் நீட்டிய பாட்டில் பாதிகூட நிறைந்திருக்கவில்லை. "போதுமா?"

"அவளுக்கு இது விருந்தும்மா. நீ போய்ப் படு."

பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வண்டியைத் திருப்பினாள். இனி இறக்கம். நெட்டுக்குத்தாக, வளைந்து வளைந்து போகும் இறக்கம். முதல் வளைவிலேயே கணவர் வாயைத் திறந்தார்.

"நியூட்ரல்ல விடு."

"சும்மா இருங்க."

"சொல்றதைக் கேளு. இறக்கத்துல எதுக்கு வீணா ஓட்டறே? நியூட்ரல்ல போட்டு விட்டா அதுபாட்டுக்கு உருண்டு போகும். எவ்வளவு டீசல் மிச்சம் பிடிச்சிருக்கேன் தெரியுமா நான்?"

"இது டீசல் இல்லைங்க! நியூட்ரல்ல விட்டா ஒண்ணும் சேராது!"

"என்னது சேரும்?"

அவர் கை பழக்கத்தில் கியர்ப் பக்கம் போனது. பாலக்கா அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். தட்டிய வேகத்தில் வண்டி ஓர் ஆட்டம் ஆடி, ஓரத்துக் கல் தடுப்பை உரசுவதுபோலப் போய்த் திரும்பியது. அவர் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"மிதிக்கலைன்னா மோட்டாரே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். பிடிக்கிறப்போ கரண்ட் சேரும். பேசாம அந்த எண்ணைப் பாருங்க" என்றாள்.

அவர் பார்த்தார். கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். மூன்றாவது வளைவில் ஆறு ஏழானது. அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எட்டு.

"அட!" என்றார். "இறங்க இறங்க ஏறுதே!" முப்பது வருஷமாக எத்தனையோ மலைகளில் லோடு வண்டியை இறக்கியவர், ஒரு சோப்பு டப்பாவிடம் தோற்றுப்போய்ச் சிறுபிள்ளைபோலச் சிரித்தார். பாலக்காவுக்கும் சிரிப்பு வந்திருக்கும், பயம் விட்டிருந்தால்.

அந்தச் சிரிப்பும் ஊருக்குள் நுழையும் வரைதான். சாலையில் எள் விழ இடமில்லை. பாதி வண்டிகள் தண்ணீரில் நின்றுபோய்க் கிடந்தன. நகர்வதும் நிற்பதுமாக, ஏழு, ஐந்து, மூன்று. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் திரையில் ஓர் ஆமைப் படம் எரிந்தது.

"என்ன ஆமை?"

"அவ்வளவுதான். இனிமே மிதிச்சாலும் வேகம் எடுக்காது. ஊர்ந்துதான் போகும்."

பாலம் மேடாக ஏறி, நடுவில் உச்சிக்குப் போய், அந்தப் பக்கம் இறங்கும். இறங்கியதும் இடப்பக்கம் ஆஸ்பத்திரி. பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. நடு மேட்டில் நின்றால் இந்த ஆமை மறுபடி கிளம்பாது என்று பாலக்காவுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்தது. ஏற்றத்தில் திணறுகிற வண்டியை வாழ்க்கை முழுக்கப் பார்த்தவர்.

"ஏறுறதுக்கு முன்னாடி இங்கேயே நிறுத்து. இறங்கிக்கறேன்."

"வேண்டாம்!"

"லோடைக் குறைக்காம ஏறாதும்மா."

பாலக்கா அவர் சட்டையை எட்டிப் பிடித்தாள். அவர் லாரியை விட்டதே உடம்புக்கு வந்த ஒரு கோளாறால்தான். ஒருநாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கைகால் இழுத்துக்கொண்டு, வண்டி மண்மேட்டில் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை. வலிப்பு என்றார் டாக்டர். இனி வண்டியைத் தொடக் கூடாது, தண்ணீர்ப் பக்கமும் உயரமான இடத்திலும் வண்டி ஓடும் சாலையிலும் தனியாக நிற்கக் கூடாது என்றும் சொன்னார். இந்தப் பாலத்தில் மூன்றும் ஒன்றாக இருந்தன. கீழே ஆறு கரை தொட்டு ஓடியது.

"உங்களை இங்க விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

"பெடலை மிதிச்சுத்தான் போவே." அதற்குள் கதவைத் திறந்து முழங்கால்களை விடுவித்துக்கொண்டு வெளியே நின்றிருந்தார். மழை அவர் தலையில் கொட்டியது. "நரம்பே இல்லைன்னு அந்த நர்ஸ் பொண்ணு போன்ல சொன்னது எனக்கும் கேட்டுது. கிளம்பு!"

கிளம்பினாள். கண்ணீரா, கண்ணாடிப் புகையா, முன்னால் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. துடைக்கவும் ஆளில்லை. வண்டி முனகாமல், சத்தமில்லாமல், நடக்கிறவன் வேகத்தில் ஏறியது. பின்னால் லாரி ஒன்று ஹாரனை விடாமல் அலறவிட்டது. உச்சி வந்தது. இறக்கம். இடப்பக்கம் திரும்பி ஆஸ்பத்திரி வாசலை அடைந்ததும் சோப்பு டப்பா கண்ணை மூடிக்கொண்டது. காவலாளி ஓடிவந்து ஓரமாகத் தள்ளினார். பாலக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். வார்டு வாசலில் காத்திருந்த நர்ஸ் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கை காலியானதும் பாலக்கா கணவருக்குப் போன் போட்டாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி போட்டுக்கொண்டே கீழே வந்தாள். காரைக் கடக்கும்போது பாட்டுச் சத்தம் கேட்டது. அவர் போன் இருக்கையில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது.

ஓடினாள். ஐம்பதை எட்டப்போகிற பெண்பிள்ளை, கொட்டுகிற மழையில், வண்டிகளுக்கு எதிர்த்திசையில் பாலத்தில் தலைதெறிக்க ஓடினாள். ஒரே ஒரு வேலை என்று சொன்னேனே, நான் மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினாள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கும்பல், கைப்பிடிச் சுவரோரம் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருவரைப் பிடித்துத் தள்ளி உள்ளே நுழைந்தாள். "என்ன? யாரு? யாரு விழுந்தது?"

"யாரும் விழலைம்மா. தண்ணி எவ்வளவு வந்திருக்கு பாருங்க" என்றார் ஒருவர், போனில் படம் எடுத்துக்கொண்டே. அந்த ஆளை அங்கேயே ஓர் அறை விட்டிருப்பாள். நேரமில்லை.

கும்பலைத் தாண்டியதும் தெரிந்தார். அறுந்த செருப்பு ஒரு கையில், மறு கை இரும்புக் கம்பியில், குழந்தை நடை பழகுவதுபோல ஒவ்வோர் அடியாக வந்துகொண்டிருந்தார். துண்டு தலையில் ஒட்டியிருந்தது. பாலக்கா போய் அவர் புஜத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர்தான் முதலில் பேசினார். "குடிச்சுதா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"கொடுத்துட்டு உங்களைத் தேடி ஓடி வந்துட்டேன்."

"நல்ல ஆளு நீ" என்று கோபப்பட்டார். "இத்தனை பாடு பட்டுட்டு, குடிச்சுதான்னு பார்க்காமலா வருவே? வா, வா."

அவள் அவரைப் பிடித்திருந்தாளா, அவர் அவளை இழுத்துக்கொண்டு போனாரா என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. நடக்கும்போது பாலக்கா, "காலைல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். அவர், "காருக்குத் தார்ப்பாய் போட்டவனை வேற என்ன சொல்றது?" என்றார்.

வார்டுக்குள் விட மாட்டார்கள். வெளியே நீளக் கண்ணாடி ஜன்னல். நர்ஸ் இவர்களைப் பார்த்துவிட்டு, தலையசைத்து, பூனைக்குட்டியின் பெட்டியைச் சுட்டிக் காட்டினாள். ஊசி இல்லாத ஒரு சிறு சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். அதிலிருந்து நூல் போன்ற குழாய் ஒன்று குழந்தையின் வாய்க்குள் போனது. சிரிஞ்சில் கொஞ்சம் பால். ஒரு கரண்டிகூட இருக்காது.

"இவ்வளவுதானா?" என்றார் டன் கணக்கில் ஏற்றி இறக்கியவர்.

"இவ்வளவுதான். இதுக்கு மேல வயிறு தாங்காது."

அவர் ஈரத் தலையைக் கண்ணாடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டு பார்த்தார். பால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்கியது. பாதியானது. கால் பங்கானது. குழந்தை உடம்பை நெளித்து, போர்வையிலிருந்து கைகளை வெளியே எடுத்துத் தலைக்கு இருபுறமும் விரித்து வைத்துக்கொண்டது. மணிக்கட்டிலும் புறங்கையிலும் கறுப்பும் நீலமுமாக ஊசித் தடங்கள். கட்டு எதுவும் இல்லை, குழாய் எதுவும் இல்லை.

"பாரு" என்றார் அவர், பாலக்காவின் கையைப் பிடித்து. "ரெண்டு கையும் சும்மாத்தான் இருக்கு."